ராகு விழுங்கிய நிலவு முதல் ரெட்ஹில் சிவப்பு மண் வரை: இயற்கையை விளக்க எழுந்த தொன்மங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளித் திட்டப்பணி செய்யும் மாணவர்கள், அவர்களுக்கு உதவும் பெற்றோர், தமிழாசிரியர்கள் ஆகியோருக்காகத் தொகுத்தது. நேரங்கள் அனைத்தும் சிங்கப்பூர் நேரம்.

தொன்மம் என்பது அந்தக் காலத்து அறிவியலா?

பாதி சரி. மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் அப்படித்தான் எழுதினார்: இயற்கைக்குக் காரணம் தேடிய மனிதனின் முதல் முயற்சி தொன்மம் என்றார். 1926இல் மற்றொரு மானிடவியலாளரான மலினோவ்ஸ்கி அதை மறுத்தார். ஒரு சடங்கையோ உரிமையையோ நிலைநிறுத்தவே கதைகள் சொல்லப்படுகின்றன, வானத்தை அண்ணாந்து பார்த்து வியப்பதற்காக யாரும் சொல்வதில்லை என்பது அவர் வாதம்.

எந்தக் கதையை எடுத்தாலும் அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் கண்டது என்ன, அதற்குச் சொன்ன காரணம் என்ன, அதனால் என்ன செய்யச் சொன்னார்கள்? கண்டது பெரும்பாலும் சரியாக இருக்கும், வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாகவும் இருக்கும். காரணம் பெரும்பாலும் தவறு. செய்யச் சொன்னதில் உயிர் காத்ததும் உண்டு, வீண் பயமும் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்றும் மறுபக்கம் ‘எல்லாம் முன்னோர் அறிவியல்’ என்றும் சண்டை நடக்கிறது.

ராகு கேது கதையில் சரியாகக் கண்டது எது?

கதை தெரிந்ததுதான். பாற்கடலைக் கடைந்தபோது அசுரன் ஒருவன் தேவர் வரிசையில் மறைந்து உட்கார்ந்து அமுதம் குடித்தான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, திருமாலின் சக்கரம் கழுத்தை அறுத்தது. தலை ராகு, உடல் கேது. அந்தப் பகையால் இருவரையும் அவ்வப்போது விழுங்குகிறான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது.

சூரியனும் நிலவும் ஓர் ஓரத்திலிருந்து கடிபடுவதுபோல் மறைகின்றன, முழுதாகத் திரும்பி வருகின்றன. இதைக் கதை அப்படியே பிடித்திருக்கிறது. தமிழில் இது மிகப் பழைய படிமம். ஒருநாள்தான் அவரைக் கண்டேன், ஊர்ப்பேச்சோ திங்களைப் பாம்பு கொண்டதுபோல் எங்கும் பரவிவிட்டது என்று குறளின் தலைவி (1146) சொல்கிறாள். ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் பார்க்கும் காட்சி அது, உவமை பலிப்பது அதனால்தான்.

பின்னர் வானியலார் இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்கு வைத்தார்கள். நிலவின் பாதை சூரியப் பாதையை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அந்த இரண்டு புள்ளிகளே ராகு, கேது. அவை எப்போதும் எதிரெதிரே, 180 பாகை தள்ளி இருக்கும். பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் வானத்தை ஒருமுறை சுற்றும். ஜாதகக் கட்டத்தில் இந்த இருவர் மட்டும் எப்போதும் பின்னோக்கியே போவது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

காரணமும் வெகு காலம் மறைந்திருக்கவில்லை. சூரியனை நிலவு மறைக்கிறது, நிலவைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார்.

நிழல்தான் காரணம் என்றால் மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையிலேயே செய்து பார்க்கலாம். 1 செ.மீ. = 1,000 கி.மீ. என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். பூமிக்கு 12.7 செ.மீ. குறுக்களவுள்ள பந்து. நிலவுக்கு 3.5 செ.மீ. உருண்டை வேண்டும், களிமண்ணில் உருட்டிக்கொள்ளலாம் (மேசைப்பந்து 4 செ.மீ., சற்றுப் பெரியது). இரண்டுக்கும் இடையே 3.84 மீட்டர். இதே அளவில் சூரியன் ஐந்து மாடி உயர உருண்டையாக ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும், அதை விட்டுவிடலாம்.

நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்தது. 3.84 மீட்டர் தொலைவில் அந்தச் சாய்வு நிலவை 34 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். அவ்வளவு தூரத்தில் பூமியின் கருநிழல் ஏறக்குறைய 9 செ.மீ. அகலம்தான். பௌர்ணமிகளில் பெரும்பாலானவற்றில் நிலவு நிழலைத் தொடாமல் ஏன் போகிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரியும். ராகு அல்லது கேது புள்ளிக்கு அருகில் பௌர்ணமி வந்தால்தான் நிழலில் விழும்.

மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, இரண்டு பந்தையும் அரை மீட்டர் இடைவெளியில் பிடித்து டார்ச் அடிப்பது. அப்படிச் செய்தால் சாய்வு 4 அல்லது 5 செ.மீ.தான் வரும், மாதாமாதம் கிரகணம் ‘வந்துவிடும்’. பாடநூல் படங்களும் இதே பிழையைத்தான் பழக்கிவிடுகின்றன.

கிரகணத்தின்போது சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பது?

சந்திர கிரகணத்தால் உணவுக்கோ கருவுக்கோ எந்தப் பாதிப்பும் இல்லை. 2025 செப்டம்பர் 8 அதிகாலை 1.30 முதல் 2.52 வரை சிங்கப்பூரில் நிலவு முழுதாகச் சிவந்தது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பிய செவ்வொளி அது. வெறுங்கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சூரிய கிரகணம் வேறு விஷயம். அதில் உள்ள ஒரே ஆபத்து கண்ணுக்குத்தான், கர்ப்பிணிக்கும் மற்றவருக்கும் ஒரே அளவு. 2019 டிசம்பர் 26 அன்று பிற்பகல் 1.23 மணியளவில் இங்கே ஏறக்குறைய இரண்டு நிமிடம் வளையமாகத் தெரிந்தது. வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே படம், கூலிங்கிளாஸ், வாளித் தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் போதாது. விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்த பிறகுதான் தெரியவரும். இங்கே அடுத்த வளைய கிரகணம் 2063இல். அவசரமில்லை.

விரதம் இருப்பதும் கோயில் நடை சாத்துவதும் வழிபாட்டு முறை சார்ந்தவை. அவற்றை ‘கதிர்வீச்சு’ என்று சொல்லி அறிவியலாக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு மலாய், சீனக் குடும்பங்களிலும் இதே கதை உண்டா?

உண்டு. மலாய் வழக்கில் நிலவை விழுங்குவதும் ராகுதான், பெயர்கூட மாறவில்லை. சீனக் கதையில் விண்ணுலக நாய் கடிக்கிறது, அதை விரட்டப் பானை, தாளம் தட்டுவார்கள். தட்டினால் நிலவு திரும்பி வந்துவிடும், ஒவ்வொரு முறையும். தோற்கவே தோற்காத பரிகாரம் என்பதால்தான் இத்தனை நூற்றாண்டு நீடித்தது.

நிலவு தேய்வதற்குத் தட்சனின் சாபம் காரணம் என்கிறார்களே?

சந்திரனுக்குத் தட்சனின் மகள்கள் 27 பேர் மனைவியர், அவர்களே 27 நட்சத்திரங்கள். ரோகிணியிடம் மட்டும் அவன் அதிக அன்பு காட்டியதால் மற்றவர்கள் தந்தையிடம் முறையிட, தேய்ந்து போ என்று சாபம் விழுந்தது. சிவன் சடையில் ஏற்றதால் மீண்டும் வளர்கிறான்.

இதில் 27 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு விண்மீனிலிருந்து கிளம்பி மீண்டும் அதே விண்மீனுக்கு வர நிலவுக்கு 27.3 நாள். வட்டத்தை 27ஆகப் பிரித்தால் ஒரு வீடு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), நிலவு ஒரு நாளில் நகர்வது சராசரி 13.2 பாகை. இரவுக்கு ஒரு மனைவி வீடு என்பது கணக்கோடு பொருந்தும் கவனிப்பு.

கதை சறுக்கும் இடம், தேய்வதையும் அந்தச் சுற்றையும் ஒன்றாக்கியது. பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள். நிலவு ஒரு சுற்று முடிப்பதற்குள் சூரியன் விண்மீன்களிடையே சுமார் 27 பாகை நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப்பிடிக்க நிலவுக்கு மேலும் இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை. அதனால்தான் பௌர்ணமி ஒவ்வொரு மாதமும் வேறு நட்சத்திரத்தில் வருகிறது: சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம்.

ரோகிணி மட்டும் ஏன் செல்லம்? நிலவு அந்த விண்மீனை நேரடியாக மறைப்பதுண்டு. 2015 முதல் 2018 வரை மாதந்தோறும் உலகின் ஏதோ ஒரு பகுதியில் அப்படி நடந்தது. இதுவே கதையின் வேர் என்பாரும் உண்டு. எங்களுக்கு அது முழு நிறைவு தரவில்லை. மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றின் பெரிய விண்மீன்களையும் நிலவு அதேபோல் மறைக்கிறது.

திரிசங்கு, துருவன், அருந்ததி: சிங்கப்பூரில் தெரியுமா?

திரிசங்கு நன்றாகத் தெரியும். உடலோடு சொர்க்கம் போக விரும்பிய அரசனை விசுவாமித்திரர் மேலே அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, நடுவில் தலைகீழாகத் தொங்கினான் என்பது கதை. தென்சிலுவை விண்மீன்கூட்டத்தைத் திரிசங்கு என்று அழைப்பது வழக்கம். டெல்லியில் அது உச்சத்துக்கு வந்தாலும் தொடுவானத்திலிருந்து ஓரிரு பாகைதான் எழும். சென்னையில் சுமார் 17 பாகை. வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மேலும் ஏறாமல் கீழும் விழாமல் தொங்குவதாகத் தோன்றியதில் வியப்பில்லை. இங்கே ஏறக்குறைய 29 பாகைக்கு எழுகிறது. மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் நேர் தெற்கே பாருங்கள், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை நல்ல இடம்.

துருவனைத் தேட வேண்டாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகைதான் வடக்கே இருப்பதால் துருவ விண்மீன் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும், புளோக்குகளும் மூட்டமும் மறைத்துவிடும். அசையாப் பதம் பெற்ற சிறுவன் கதை வடக்கே தோன்றியது என்பதை இதுவே காட்டுகிறது. அந்தப் பதமும் நிரந்தரமன்று. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், கி.மு. 2800 வாக்கில் துபான் என்ற வேறொரு விண்மீன் அந்த இடத்தில் இருந்தது.

அருந்ததிக்குக் கடைசிக் கேள்வியில் வருவோம்.

மேகம் கடல்நீரைக் குடிக்கிறது என்பது தொன்மமா, அறிவியலா?

காரணத்தில் பாதியும் சரியாக அமைந்த அரிய இடம் இது. முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே மேகம் பனிக்கடலைப் பருகி எழுகிறது. பட்டினப்பாலையில் வானம் முகந்த நீர் மலையில் பொழிந்து, மலையில் பொழிந்த நீர் கடலுக்குப் போகிறது. நீர்ச்சுழற்சி முழுவதும் இரண்டு வரியில் அடங்கிவிட்டது. விடுபட்டது ஒன்றுதான்: கடல்நீர் உப்பு, மழைநீர் ஏன் உப்பில்லை? ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. குடித்தல், முகத்தல் என்ற உருவகத்தில் அதற்கு இடமில்லை.

மார்கழியில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் ‘ஆழி மழைக்கண்ணா’ கேட்கும்போது வெளியே மழை கொட்டுவது தற்செயலன்று. வடகிழக்குப் பருவக்காற்று அந்த மாதத்தில்தான் தென்சீனக் கடலின் ஈரத்தை இங்கே கொண்டுவருகிறது. ஆண்டு மழை சராசரி சுமார் 2,100 மி.மீ. மேகம் எழுந்து, கறுத்து, மின்னி, அதிர்ந்து, பொழியும் வரிசையை அந்தப் பாசுரம் மாற்றாமல் சொல்கிறது. வரிசை பிசகாமல் பார்த்தவர்களின் சொல் அது.

இடி இடிக்கும்போது ‘அர்ச்சுனா’ என்று சொல்வது ஏன்? பயன் உண்டா?

இடி இந்திரனின் வச்சிராயுதம், அர்ச்சுனன் இந்திரனின் மகன். மகன் பெயரைச் சொன்னால் தந்தை விட்டுவிடுவார் என்பது கணக்கு. மின்னலுக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. அது காற்றைச் சுமார் 30,000 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குகிறது, காற்று வெடித்து விரிவதே இடியோசை.

ஆனால் பெயர் சொல்வதைக் கடிகாரமாக்கலாம். மின்னியதும் அர்ச்சுனனின் பத்துப் பெயர்களை நிதானமாகச் சொல்லத் தொடங்குங்கள், பெயருக்கு ஒரு நொடி. ஒலி நம் வெப்பநிலையில் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். பத்துப் பெயர் முடியும்போது இடி கேட்டால் மின்னல் மூன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. மூன்று சுற்று, அதாவது 30 நொடி முடிவதற்குள் கேட்டாலே பத்து கிலோமீட்டருக்குள் என்று பொருள், உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். புளோக்கின் கீழ்த்தளமோ மூடிய காரோ பாதுகாப்பு. மரத்தடியும் திறந்த திடலும் நீச்சல்குளமும் ஆகாது. பருவக்காற்று மாறும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில்தான் இங்கே இடி அதிகம்.

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணமா?

இங்கு ஆண்டு முழுவதும் கல்யாணம்தான். நம் மழைமேகங்கள் பல நேரம் சில கிலோமீட்டர் அகலமே இருப்பதால், தோ பாயோவில் கொட்டும்போது பீஷானில் வெயில் அடிக்கும். இரண்டுக்கும் விளிம்பில் நிற்பவருக்கு இரண்டும் கிடைக்கும்.

இந்திரவில் (வானவில்) எந்த நேரத்தில் தெரியும்?

நண்பகலில் தெரியாது. சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியைச் சுற்றி 42 பாகையில் வில் அமைகிறது. சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். சிங்கப்பூரில் இதன் பொருள்: காலை 10 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின். நாளுக்கேற்பக் கால்மணி, அரைமணி கூடக்குறையும். காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே. உயரமான மாடியிலிருந்து கீழே பார்ப்பவருக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளரும்.

ஒரு கூடுதல் பயன்: காலையில் மேற்கே வில் தெரிந்தால் மேற்கே மழை பெய்துகொண்டிருக்கிறது. சுமாத்திராப் பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று மழை அந்தத் திசையிலிருந்துதான் நகர்ந்து வரும். மூங்கில் கழியில் போட்ட துணியை எடுத்துவிடுவது நல்லது.

ரெட்ஹில் மண் சிவந்தது ஒரு சிறுவனின் ரத்தத்தாலா?

சிங்கப்பூரத்துக் கரையை வாள்போன்ற மூக்குள்ள தோடாக் மீன்கள் தாக்கின. வாழைத்தண்டுகளை வரிசையாக நட்டு மீன்களைச் சிக்கவைக்கலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். அவன் புத்திக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொன்றான். மலாய் வரலாற்றுக் கதைகளில் உள்ளது இது. அவன் ரத்தம் குன்றில் வழிந்து மண் சிவந்தது என்று இங்கே வாய்மொழியாகச் சொல்வார்கள்.

மண் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. வெப்பமும் கனமழையும் பாறையைச் சிதைத்து, கரையக்கூடியவற்றை அடித்துச் சென்றுவிட, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. தீவில் பல இடங்களில் கட்டுமானக் குழி தோண்டினால் இதே நிறத்தைப் பார்க்கலாம், புக்கிட் மேராவுக்கு (ரெட்ஹில்லின் மலாய்ப் பெயர்) மட்டும் உரியதன்று.

மீன் தாக்கியது வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். ஊசிமூக்கு மீன்கள் இரவில் படகு விளக்கைப் பார்த்துத் துள்ளிப் பாய்ந்து மீனவர்களைக் காயப்படுத்துவது உண்மையில் நடப்பதுதான்.

கடல்கோள் கதைகள் குமரிக்கண்டத்துக்குச் சான்றா?

இல்லை. குமரிக்கோடு என்ற மலையைக் கொடுங்கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்வது உண்மை. அதில் கண்டம் கிடையாது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற மூழ்கிய கண்டம் 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினச் சுவடுகள் இருந்ததை விளக்க அவருக்கு ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, சிங்கப்பூரிலிருந்து சுமாத்திராவுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் நீர் ஏறியது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், ஓரிரவில் அல்ல.

ஆழிப்பேரலையின் நினைவு கதையாக நிற்பது வேறு, அதற்குச் சான்று உண்டு. சுமாத்திராவுக்கு அருகே சிமலுவே தீவில் 1907இல் பேரலை பலரைக் கொன்றது. அதன்பின் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று அந்தத் தீவில் இருந்த சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். காரணம் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது சரியாக இருந்தது. இத்தகைய கதைகளை நிலவியல் நோக்கில் ஆராயும் துறைக்கு 1968இல் டோரதி விட்டலியானோ பெயரிட்டார். தமிழில் புவித்தொன்மவியல் எனலாம்.

அனுமன் சாலிசாவில் சூரியனின் தூரம் சரியாக இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தத் துதியில் சூரியனைப் பற்றி வரும் ‘யுக சகஸ்ர யோசனை’ என்ற தொடரை யுகம் = 12,000, சகஸ்ரம் = 1,000, யோசனை = 8 மைல் என்று பெருக்கினால் 9.6 கோடி மைல் வரும், உண்மைத் தூரம் 9.3 கோடி. இதில் யுகத்துக்கு எந்த எண், யோசனைக்கு எந்த அளவு என்பதை விடை தெரிந்த பிறகு தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உண்மையாகவே கணக்கிட்ட ஆரியபட்டர் சூரியனை ஏறக்குறைய 4.6 லட்சம் யோசனையில் வைத்தார். இந்த ‘கணக்கு’ சொல்வதோ 1.2 கோடி யோசனை. சூரியனின் ஏழு குதிரைகள் ஏழு நிறங்கள் என்பதும் இதே வகை. வானவில்லை ஏழாகப் பிரித்தது நியூட்டன், இசையின் ஏழு சுரத்துக்கு இணையாக.

ராகுகாலத்துக்கும் கிரகணத்துக்கும் தொடர்பு உண்டா?

பெயரைத் தவிர எதுவும் இல்லை. சூரிய உதயம் முதல் அத்தமனம் வரை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ஒதுக்குவது அது. பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திங்கள் 7.30–9.00 என்ற அட்டவணை காலை 6 மணி உதயத்துக்கானது. சிங்கப்பூரில் உதயம் 7 மணியளவில், ஆகவே திங்கட்கிழமைக்கு ஏறக்குறைய 8.30–10.00. ஊர் நாட்காட்டியைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் தவறான நேரத்தைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திட்டப்பணிக்கு எந்தக் கதையில் தொடங்கலாம்?

அருந்ததி. கண்டதை நீங்களே ஒரே இரவில் சரிபார்க்கலாம். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு விண்மீன் வசிட்டர், ஒட்டி நிற்கும் மங்கலான துணை அருந்ததி. இடைவெளி 12 கலை, பௌர்ணமி நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். திருமணத்தில் காலை ஒன்பது மணிக்கு வானத்தைக் காட்டச் சொல்வதால் எந்த மணமகளும் பார்த்ததில்லை.

மே மாத இறுதியில் இரவு 10 மணியளவில், வடக்கே திறந்த இடத்தில் நின்று, தொடுவானத்திலிருந்து 36 பாகை உயரத்தில் பாருங்கள். நீட்டிய கையில் ஒரு முஷ்டி 10 பாகை, எனவே மூன்றரை முஷ்டி. வசிட்டர் நகர வெளிச்சத்திலும் தெரிவார். அருந்ததி நான்காம் ஒளித்தரம், நம் வானத்தில் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் சிக்காது, 7×50 அல்லது 10×50 இருகண் நோக்கி வேண்டும். இருட்டில் கண் பழகப் பதினைந்து நிமிடமாவது கொடுங்கள், அதுவரை கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். மூட்டம் இருந்தால் அடுத்த நாள் நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்தில் வரும். அறிக்கையில் தேதி, நேரம், இடம், உயரம் நான்கையும் குறித்து, கண்டது, காரணம், செய்யச் சொன்னது என்று மூன்று பத்தி போட்டு எழுதத் தொடங்கலாம்.